கடனுதவி கிடைத்தால் மட்டும் போதுமா? 2.00 புள்ளியும் வேண்டும்!



உயர்கல்வி பற்றிய நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலின்போது ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, என் பையன் தினமும் காலேஜுக்குப் போய்க்கிட்டுதான் இருந்தான். கடன் காசு வரலன்னு எங்ககிட்ட சொல்லவே இல்ல. ராத்திரியில மோட்டார்ல சாப்பாடு அனுப்புற வேலைக்குப் போயிருக்கான். இப்ப படிப்பே வேணாங்கிறான். குடுத்த கடன ஏன் பாதியில நிப்பாட்டுறாங்க?" என்று கேட்டார். நிகழ்ச்சி முடிய இரண்டு நிமிடமே இருந்ததால் அவருக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கான விளக்கம்தான் இன்றைய கட்டுரை.

நம்மில் பலர் கடனுதவி கிடைத்த நாளிலேயே பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நிம்மதி அடைந்துவிடுகிறோம். எஸ்.எஸ்.பி.என். கணக்கைத் திறந்து, வருமானச் சான்றுகளைத் திரட்டி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டதும் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் நிபந்தனைகள் அன்றுதான் தொடங்குகின்றன. 1997ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட பி.டி.பி.டி.என். முழுத் தொகையையும் ஒரே தடவையில் தருவதில்லை. செமஸ்டருக்கு செமஸ்டர் பிரித்துத்தான் தருகிறது. மாணவர் தொடர்ந்து படிக்கிறாரா, தேர்வில் குறைந்தது 2.00 சராசரிப் புள்ளி பெற்றிருக்கிறாரா என்பவை ஒவ்வொரு முறையும் பார்க்கப்படும். அதற்குக் கீழே இறங்கினால் அடுத்து வர வேண்டிய பணம் நின்றுபோகும்.

2.00 என்பது என்ன?

பெற்றோர்களுக்காக இதைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். நமது உயர்கல்விக்கூடங்களில் 4.00 என்பது முழுப் புள்ளி. ஒரு செமஸ்டருக்கு மட்டும் கணக்கிடும் சராசரி பி.என்.ஜி.எஸ். எனப்படும். தொடக்கத்திலிருந்து எல்லா செமஸ்டர்களையும் சேர்த்துக் கணக்கிடுவது பி.என்.ஜி.கே.

முதல் செமஸ்டரில் ஒரு மாணவர் ஐந்து பாடங்கள் எடுக்கிறார். ஒவ்வொன்றும் 3 கிரெடிட், ஆக மொத்தம் 15. ஒரு பாடத்தில் பி, இரண்டில் சி, ஒன்றில் டி, கடைசிப் பாடத்தில் தோல்வி. பி என்றால் 3 புள்ளி, சி என்றால் 2, டி என்றால் 1, தோல்விக்கு 0. இவற்றைக் கிரெடிட்டால் பெருக்கினால் 24 வரும். அதை 15ஆல் வகுத்தால் 1.60. நான்கு பாடங்களில் தேறிய பிள்ளைதான். ஆனாலும் கோட்டுக்குக் கீழே போய்விட்டார்.

அந்தக் கடைசிப் பாடம் தம்மால் முடியாது என்று உணர்ந்து, உரிய தேதிக்குள் முறைப்படி அதிலிருந்து விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொதுவாக விலகிய பாடம் சராசரியில் சேராது. அதே 24 புள்ளியை 12ஆல் வகுத்தால் சரியாக 2.00. பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டிய ஒரு பாரத்தில் அவருடைய கடனுதவி தப்பியிருக்கும். ஆனால் இதிலும் கவனம் வேண்டும். முழுநேர மாணவர் என்பதற்குக் குறைந்தபட்சக் கிரெடிட் உண்டு. பல இடங்களில் அது 12. அதற்கும் கீழே குறைத்துவிட்டால் வேறு சிக்கல் வரும். ஆகவே விரிவுரையாளரைக் கேட்காமல் எந்தப் பாடத்தையும் கைவிடக் கூடாது.

வகுப்பு உண்டு, பணம் இல்லை

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். மகன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோதே பணம் எப்படி நின்றது?

படிப்பைத் தொடரலாமா என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்கிறது. பணம் தரலாமா என்பதைக் கடன் கொடுத்தவர் முடிவு செய்கிறார். இவை இரண்டும் வெவ்வேறு முடிவுகள். நமது அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் 2.00 அல்லது அதற்கு மேல் இருந்தால் 'நல்ல நிலை'. அதற்குச் சற்றுக் கீழே என்றால் 'நிபந்தனை நிலை'. இன்னும் கீழே போனால் 'தோல்வி நிலை'. நிபந்தனை நிலையில் உள்ளவர் உடனே வெளியேற்றப்படுவதில்லை. அடுத்த செமஸ்டரில் முன்னேற அவருக்கு வாய்ப்புத் தருகிறார்கள். ஆனால் அந்த வாய்ப்பு பல்கலைக்கழகம் கொடுப்பது. கடன் கொடுத்தவர் கொடுப்பதல்ல. பிள்ளை வகுப்பில் அமர்ந்திருப்பார், கணக்கில் பணம் இருக்காது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இரவில் வேலைக்குப் போவார், பகலில் தூங்கி வழிவார். அடுத்த தேர்வும் கையை விட்டுப் போகும். நம் பிள்ளைகள் பலர் படிப்பைக் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

படிப்பை விட்டாலும் கடன் விடாது. அதுவரை வாங்கிய தொகையைத் திருப்பிச் செலுத்தியே ஆக வேண்டும். கையில் சான்றிதழ் இருக்காது, கடன் மட்டும் இருக்கும்.

காலத்திற்கும் கணக்கு உண்டு

புள்ளி மட்டுமல்ல, வேகமும் முக்கியம். கடனுதவி அந்தப் படிப்புக்குரிய கால அளவுக்கே அங்கீகரிக்கப்படுகிறது. ஆறு செமஸ்டர் படிப்பை ஒருவர் ஏழாக நீட்டினால், ஏழாவதற்கும் பணம் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது.

இந்தக் கணக்கை அமெரிக்க அரசாங்கம் தன் மாணவர் உதவித் திட்டங்களில் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த உதவி கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கவே சொல்கிறேன். அங்கே மூன்று அளவுகோல்கள்: சராசரிப் புள்ளி, முடிக்கும் வேகம், மொத்தக் காலம். மொத்தக் காலம் படிப்பின் நீளத்தில் 150 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 கிரெடிட் வரைதான் முயலலாம். எடுத்த பாடங்களில் ஏறக்குறைய 67 விழுக்காட்டை முடித்திருக்க வேண்டும் என்ற அளவு இதிலிருந்துதான் வருகிறது. தவறியவருக்கு ஒரு செமஸ்டர் எச்சரிக்கை கொடுத்து உதவியைத் தொடரும் கல்லூரிகள் உண்டு. நோய், குடும்பத்தில் மரணம் போன்ற காரணங்களைக் காட்டி மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு.

விழுந்தவர் எழ முடியுமா?

முடியும், உடனே எழுந்தால். முதல் செமஸ்டரில் 1.60 எடுத்த அதே மாணவர், அடுத்த 15 கிரெடிட்டில் 2.40 எடுத்தால் அவருடைய பி.என்.ஜி.கே. 2.00 ஆகிவிடும். இது எட்டக்கூடியதுதான். ஆனால் மூன்று செமஸ்டர்கள் 1.60லேயே கிடந்துவிட்டு நான்காவதில் எழ நினைத்தால் 3.20 எடுக்க வேண்டும். மலையைப் புரட்டுவது போலத்தான்!

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தபோது இரண்டாவது செமஸ்டரில் நான் எடுத்த புள்ளி 2.08. அந்த 0.08தான் என்னைக் காப்பாற்றியது. வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. ஒரு விரிவுரையாளர் அழைத்து விசாரித்ததால்தான் விழித்துக்கொண்டேன்.

ஆகவே மாணவர்களே, தேர்வு முடிவு 2.00ஐ ஒட்டி வந்தாலே உங்கள் கல்வி ஆலோசகரைப் பாருங்கள். கடனுதவியோ அறவாரியத்தின் உபகாரச் சம்பளமோ எதுவானாலும், அவர்கள் பார்ப்பது செமஸ்டர் சராசரியா, மொத்தச் சராசரியா, எத்தனை புள்ளி என்பதை ஒப்பந்தத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். உபகாரச் சம்பளத்திற்கு 2.00ஐவிடக் கூடுதல் புள்ளி கேட்பதுண்டு. நோய்வாய்ப்பட்டால் மருத்துவச் சான்றுடன் படிப்பை முறைப்படி ஒத்திவையுங்கள். படிப்பை ஒத்திவைத்தாலும், வேறு துறைக்கு மாறினாலும் கடன் கொடுத்தவருக்குத் தெரிவியுங்கள். சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து.

பெற்றோர்களே, "பாஸா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை புள்ளி? பணம் வந்ததா?" என்றும் கேளுங்கள். பதில் குறைவாக வந்தால் அன்றைக்குத் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை பிள்ளை சொல்லாது. அந்தத் தாயாரின் மகன் தன் தேர்வு முடிவை முதல் நாளே வீட்டில் சொல்லியிருந்தால், இரண்டு புள்ளிக் கணக்கோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அம்மா, உங்கள் மகனைக் கல்லூரியின் மாணவர் விவகாரப் பிரிவுக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். அவர் இன்னும் அதிகாரப்பூர்வமாக விலகவில்லை என்றால், வழி இருக்கக்கூடும்.

அடுத்த கலந்துரையாடலில் மீண்டும் சந்திப்போம்.