மூன்றாவது கதவு போதுமா?

பொதுக் கழிப்பறை வாசலில் இரண்டு பலகைகள் இருக்கும்: ஆண்கள், பெண்கள். பெரும்பாலோர் அவற்றை நின்று படிப்பதில்லை. கால் தானாகத் திரும்பிவிடும். திருநங்கைக்கும் திருநம்பிக்கும் அந்த இடத்தில்தான் தயக்கம் தொடங்குகிறது. திருநங்கை ஆண்கள் பக்கம் போனால் கேலி, சீண்டல், சில வேளை பாலியல் அத்துமீறல். பெண்கள் பக்கம் போனால் உள்ளே கூச்சல் எழலாம். காசு வாங்குபவரே வாசலில் மறிக்கலாம். திருநம்பியின் பாடு வெளியே அதிகம் தெரியாதது. ஆண்கள் பக்கத்தில் பெரும்பாலும் நின்றபடி சிறுநீர் கழிக்கும் திறந்த மாடங்கள்தான். கதவுள்ள அறை ஒன்றோ இரண்டோ இருந்தாலும் தாழ்ப்பாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. மாதவிடாய் வரும் திருநம்பிக்கு நாப்கினைப் போட அங்கே ஒரு கூடைகூட இருக்காது.

இந்தத் தயக்கத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது. வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குவதும் பழக்கமாகிவிடுகின்றன. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகும். தேங்கி நின்றால் கிருமி பெருகும். தொற்று மேலேறினால் சிறுநீரகத்தைத் தொடும். அமெரிக்காவில் 2015-இல் திருநங்கைகள், திருநம்பிகள் உள்ளிட்ட 27,715 திருநர்கள் பங்கேற்ற ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் பிரச்சினைக்குப் பயந்து பொதுக் கழிப்பறையைத் தவிர்த்ததாகச் சொன்னவர்கள் 59 சதவீதம். கழிப்பறைக்குப் போக நேருமே என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டவர்கள் 32 சதவீதம். இதனால் சிறுநீர்த் தொற்றோ சிறுநீரகக் கோளாறோ வந்ததாக 8 சதவீதம் பேர் கூறினர்.

கழிப்பறை சின்ன விஷயம் என்று தோன்றுவது, அது எப்போதும் கிடைப்பவர்களுக்குத்தான். எட்டு மணி நேர வேலையோ, பள்ளிக்கூடமோ, நீதிமன்றத்தில் காத்திருப்போ, நெடுந்தூரப் பேருந்துப் பயணமோ, எதுவும் கழிப்பறை இல்லாமல் நடக்காது. வேலைக்கு ஆள் எடுப்போம், ஆனால் கழிப்பறை இல்லை என்று ஒரு நிறுவனம் சொன்னால் அது வேலை இல்லை என்று சொன்னதற்குச் சமம்.

இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஆண், பெண் அல்லாத 'பிறர்' என்ற பிரிவில் பதிவானவர்கள் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்பது பொதுவான கருத்து. சட்டம் இவர்களின் கழிப்பறைச் சிக்கலைக் காணாமல் விடவில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. அதே தீர்ப்பில் திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்கவும் மத்திய, மாநில அரசுகளுக்கு உத்தரவிட்டது. 2017-இல் தூய்மை இந்தியா திட்டத்துக்காக மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ தாங்கள் விரும்பியதை அவர்கள் பயன்படுத்த விட வேண்டும் என்றது. 2019-இல் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டம், பிறர் பயன்படுத்தும் பொது இடத்தை அவர்களுக்கு மறுப்பவர்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. 2020 செப்டம்பரில் வந்த விதிகளோ கழிப்பறை உள்ளிட்ட வசதிகளை இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துமுடிக்கச் சொல்லின.

கவனித்தால் இதில் இரண்டு பாதைகள் தெரியும். ஒன்று தனிக் கழிப்பறை. மற்றொன்று இருப்பதில் விரும்பியதற்குப் போகும் உரிமை. இரண்டும் ஒன்றல்ல. தனிக் கழிப்பறை பாதுகாப்பானது என்று திருநர்களில் பலர் அதையே கேட்கிறார்கள். அந்தக் கதவுக்குள் நுழைவதே ஊருக்குத் தன்னை அறிவிப்பதாகிவிடும் என்று அஞ்சுபவர்களும் உண்டு. தன் அடையாளத்தை அலுவலகத்தில் சொல்லாத ஒரு திருநம்பி 'மூன்றாம் பாலினம்' என்று எழுதிய அறைக்குள் எப்படிப் போவார்? தனி அறை கட்டிவிட்டோமே என்று சொல்லி, பெண்ணாகவே வாழும் திருநங்கையைப் பெண்கள் பக்கத்திலிருந்து விரட்டினால் வசதியே விலக்கிவைப்பாக மாறிவிடும். தனி அறை கூடுதலாக இருக்கலாம், கட்டாயமாக இருக்கக் கூடாது.

கட்டுமானம் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதற்கு டெல்லி ஒரு சான்று. 2022-இல் டெல்லி அரசு உயர் நீதிமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, திருநர்களுக்கென்று கட்டிமுடித்தவை 9. வேலை நடந்துகொண்டிருந்தவை 56. மாற்றுத்திறனாளிகளுக்கான 505 கழிப்பறைகளைத் திருநர்களும் பயன்படுத்தலாம் என்றும் அரசு அறிவித்திருந்தது. செலவில்லாத வழிதான். ஆனால் இடநெருக்கடியில் தவிக்கும் இரண்டு பிரிவினரை ஒரே அறைக்குள் தள்ளிவிட்டு, மற்ற எல்லோரும் பழையபடி இருப்பதற்கான வழியும் அதுதான். மறு ஆண்டு மார்ச்சில், எட்டு வாரத்துக்குள் கட்டுங்கள் என்று நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது.

ஆண், பெண் என்று பணியிடக் கழிப்பறையைப் பிரிக்கும் சட்டத்துக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1887-இல் அதை முதலில் இயற்றியது. பெண்கள் தொழிற்சாலை வேலைக்கு வரத் தொடங்கிய காலம் அது. பெண்களின் மானமும் பாதுகாப்பும் அன்று சொல்லப்பட்ட காரணங்கள். திருநர்கள் விரும்பிய கழிப்பறைக்குப் போவதற்கு இன்று எழும் எதிர்ப்பிலும் அவையே ஒலிக்கின்றன. பெண் வேடத்தில் ஆண் நுழைந்துவிடுவான் என்ற அச்சத்தை எள்ளி ஒதுக்குவது சரியல்ல. பொது இடங்களில் பெண்கள் படும் தொல்லை உண்மையானது. ஆனால் அந்த அச்சத்தைச் சோதித்துப் பார்க்க வழி உண்டு. திருநர்கள் தம் அடையாளத்துக்கேற்ற கழிப்பறைக்குப் போகலாம் என்று விதித்த ஊர்களையும், அப்படி விதிக்காத ஊர்களையும் அதே மாசசூசெட்ஸில் ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கழிப்பறைக் குற்றங்களுக்கும் அந்த விதிகளுக்கும் தொடர்பு இருப்பதாக அதில் தெரியவில்லை. அவ்வாண்டு நடந்த பொதுவாக்கெடுப்பில் அந்த மாநில மக்கள் தங்கள் மாநிலத்தின் திருநர் பாதுகாப்புச் சட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டனர். மற்றொரு அமெரிக்க மாநிலமான வட கரோலினா 2016-இல் எதிர்த்திசையில் சட்டம் போட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றது.

ஜப்பானில் 2023-இல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு அமைச்சகம் ஒன்றில் பணியாற்றிய திருநங்கை, தன் அலுவலகத் தளத்திலிருந்து இரண்டு மாடி தள்ளியுள்ள பெண்கள் கழிப்பறைக்கே போக வேண்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டார். அந்தக் கட்டுப்பாட்டை நியாயப்படுத்திய முடிவு சட்டவிரோதம் என்று ஜூலையில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் டோக்கியோவின் கபுகிச்சோ பகுதியில் திறந்த ஓர் உயர்மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை இருந்தது. தனித்தனி அறைகள், கைகழுவும் இடம் மட்டும் பொது. கேளிக்கை விடுதிகள் நிறைந்த பகுதி அது. அங்கே நிம்மதியாக இருக்க முடியவில்லை என்று பெண்கள் முறையிட்டனர். காவலாளிகளை நிறுத்தினார்கள், நான்கே மாதத்தில் மீண்டும் ஆண், பெண் என்று பிரித்துவிட்டார்கள்.

பலகையை மாற்றினால் மட்டும் போதாது என்பதே இதில் கிடைக்கும் பாடம். தரையிலிருந்து கூரை வரை மூடிய சுவர், உள்ளே தாழ்ப்பாள், உள்ளேயே தண்ணீர்க் குழாயும் கைகழுவும் தொட்டியும் குப்பைக்கூடையும், வெளியே ஆள் நடமாட்டமுள்ள வெளிச்சமான நடைபாதை: இவை இருந்தால் உள்ளே போவது யார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. குழந்தையோடு வரும் தகப்பனுக்கும், வயதான தாயைத் தாங்கிப் பிடித்து அழைத்துவரும் மகனுக்கும் அதே அறை உதவும். இது இந்தியர்களுக்குப் புதுமையும் அல்ல. ரயில் பெட்டிக் கழிப்பறையில் ஆண் என்றும் பெண் என்றும் பலகை கிடையாது. கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொண்டால் முடிந்தது. அதில் மக்கள் குறை சொல்வது தண்ணீரைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும்தான்.

எந்தக் கட்டடமானாலும் வாசலில் நிற்கும் பராமரிப்பாளருக்கும் காவலாளிக்கும் யாரையும் மறிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுக்காவிட்டால் சட்டமும் செங்கலும் வீண். அதற்குப் பெரிய செலவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் தன் வளாகத்திலேயே எல்லாப் பாலினத்தவருக்கும் பொதுவான ஒன்பது கழிப்பறைகளை அமைத்தது. 2025 ஜனவரி 15 அன்று அதன் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும், நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களிலும் தீர்ப்பாயங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் ஆகியோருக்குக் கழிப்பறை இருக்க வேண்டும் என்றும், நான்கு மாதத்தில் நிலவர அறிக்கை தர வேண்டும் என்றும் உத்தரவிட்டனர். 2020 விதிகள் தந்த இரண்டாண்டுக் கெடு அப்போது முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.