ஆற்றங்கரையில் ஓர் அமைதி நகர்

செர்பிய நாட்டின் வடபால், டான்யூப் ஆற்றின் வலக்கரையில் அமைந்துள்ளது சிரெம்ஸ்கி கார்லோவ்சி என்னும் சிற்றூர். பதினாறு ஆண்டுகள் நீடித்த பெரும்போர் 1699-ஆம் ஆண்டு இவ்வூரில்தான் முடிவுற்றது. துருக்கியப் பேரரசும் ஆஸ்திரியா, போலந்து, வெனிஸ் ஆகிய அரசுகளும் இங்கே கூடி உடன்படிக்கை செய்துகொண்டன. முதலில் நுழைபவர் யார் என்னும் பூசல் எழாதிருத்தற்பொருட்டு, பேச்சு நிகழ்ந்த மண்டபத்திற்கு நான்கு வாயில்கள் அமைத்தனர் என்பது செவிவழிச் செய்தி. அவ்விடத்தில் பின்னாளில் எழுந்த சிறு கோயில் அமைதி அன்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1690-ஆம் ஆண்டில் துருக்கியர் ஆட்சிக்கு அஞ்சிச் செர்பியர் பலர் வடக்கே குடிபெயர்ந்தனர். அன்னார்க்குப் பிற்காலத்தில் இவ்வூரே சமயத் தலைநகராயிற்று. 1791-இல் திமித்ரியே சாபோவ் என்னும் வணிகர் பெரும்பொருள் ஈந்தார். ஊர்மக்களும் தம்மால் இயன்றது உதவினர். அவ்வாறு தோன்றிய உயர்நிலைப் பள்ளியில், பின்னர்ப் புகழ்பெற்ற கவிஞர் பிராங்கோ ராதிச்செவிச் பயின்றார். அப்பள்ளி இன்றும் மாணவர்க்குப் பல மொழிகளைக் கற்பித்து வருகிறது.