‘டிவைஸ்’ என்னும் ஆங்கில வினையும் ‘வகு’ என்னும் தமிழ் வினையும்

‘டிவைஸ்’ என்னும் ஆங்கில வினையைத் தமிழில் பெயர்ப்போர் ‘கண்டுபிடி’, ‘திட்டமிடு’ ஆகிய சொற்களை வேறுபாடின்றி ஆளுகின்றனர். இவற்றினும் ‘வகு’ என்பதே அவ்வினைக்கு நெருக்கமானது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. (கருவியைக் குறிக்கும் பெயர்ச்சொல் ஈற்றொலியில் வேறுபடும், தமிழெழுத்தில் அவ்வேறுபாடு புலப்படாது. இங்கு ஆராயப்படுவது வினை மட்டுமே.)

இவ்வினை பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. அதன் இலத்தீன் வேர் பிரித்தல் என்னும் பொருளுடையது. பிரித்தல், ஒழுங்குபடுத்துதல், எண்ணி அமைத்தல் எனப் பொருள் விரிந்தது. தமிழில் ‘வகு’ சென்ற வழியும் இதுவே. கணக்கில் எண்ணை வகுக்கிறோம். படைத்தலைவன் வியூகம் வகுக்கிறான். அரசு கொள்கை வகுக்கிறது. ஊழை விதிப்பவனை ‘வகுத்தான்’ என்கிறது திருக்குறள். உறவற்ற இரு மொழிகளில் நிகழ்ந்த இவ்வொப்புமை தற்செயலே. எனினும் மொழிபெயர்ப்பாளருக்குப் பயன்படும் தற்செயல்.

‘கண்டுபிடி’ என்பதற்கு உண்மையில் இணையாவது ‘இன்வென்ட்’. அதன் இலத்தீன் மூலத்துக்குக் கண்டடைதல் என்பது பொருள். சிலுவை கண்டெடுக்கப்பட்டதை நினைவுகூரும் திருநாளைச் சிலுவையின் ‘இன்வென்ஷன்’ என்றே ஆங்கிலம் வழங்கியது. ‘டிவைஸ்’ பெரும்பாலும் வழி, முறை, உத்தி ஆகியவற்றைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். இருக்கும் கூறுகளைப் பிரித்து, புதிய ஒழுங்கில் நிறுத்தும் செயலை உணர்த்தும். லூயி பிரெயில் 1824-இல் உருவாக்கிய எழுத்துமுறையை எடுத்துக்கொள்வோம். புடைப்புப் புள்ளிகளால் எழுதும் முறையைச் சார்ல் பார்பியே முன்னரே அமைத்திருந்தார். அதில் ஒரு குறியீட்டில் 12 புள்ளிகள்வரை இடம்பெற்றன. பிரெயில் அவற்றை ஆறாகக் குறைத்து, மும்மூன்றாக இரு நிரல்களில் நிறுத்தினார். 63 வடிவங்கள் கிடைத்தன. இதனைப் பிரெயில் ‘கண்டுபிடித்தார்’ என்று பெயர்த்தால் பார்பியேயின் பங்கு மறைந்துபோகிறது. ‘வகுத்தார்’ என்பதே நிகழ்ந்ததைச் சொல்கிறது.

‘திட்டமிடு’ அத்துணைப் பிழையன்று. ஆயினும் பயணத்தையும் விருந்தையும் திட்டமிடலாம். ஆங்கிலத்தில் அவற்றை ‘டிவைஸ்’ செய்யும் வழக்கமில்லை.

பெரும் இடர் நேர்வது சட்ட வழக்கில்தான். உயிலின் வாயிலாக நிலம் முதலிய அசையாச் சொத்தை ஒருவருக்கு விட்டுச்செல்வதும் ஆங்கிலச் சட்டத்தில் ‘டிவைஸ்’ எனப்படும். இங்கிலாந்தில் 1540-ஆம் ஆண்டின் உயில் சட்டம் நிலத்தை அவ்வாறு அளிக்க வழி செய்தது. அசையும் பொருளுக்குரிய மரபுச்சொல் ‘பெக்வீத்’. பழைய உயில்களில் இரு வினைகளும் அடுத்தடுத்து வருவதை வெறும் அடுக்குச்சொல் எனக் கருதி ஒன்றை விடுதல் தவறு. தந்தை மகனுக்கு நிலத்தை ‘டிவைஸ்’ செய்தார் என்னும் தொடரை ‘நிலத்தைத் திட்டமிட்டார்’ எனப் பெயர்த்தால் உரிமை மாற்றமே காணாமற்போகும். இவ்விடத்தில் ‘வகு’ என்பதும் உதவாது. ‘வகுத்தளித்தார்’ என்றால் இன்றைய வாசகர் பாகப்பிரிவினையை நினைப்பர். பாகப்பிரிவினை உடைமையாளர்கள் தமக்குள் செய்துகொள்வது. உயிலோ எழுதியவர் இறந்த பின்னரே செயற்படுவது. ஆதலின் ‘உயில்வழி அளித்தார்’ எனப் பெயர்ப்பதே தக்கது.