வெப்பமானியை மட்டும் பார்த்தால் போதாது, மழையில்லாத நாள்களை எண்ணுங்கள்



இரவுச் செய்தியின் கடைசியில் வானிலைக்கென்று எங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். தலைநகரில் இத்தனை டிகிரி, பெரிய பட்டணங்களில் இத்தனை டிகிரி, பிற்பகலில் இடியுடன் மழை, வணக்கம் கூறி விடைபெறுகிறோம். குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கும் காஹாங்கின் பெயர் அந்தப் பட்டியலில் வராது. வந்தாலும், நாளைக்கு 34 டிகிரி என்று தெரிந்துகொண்டு அங்கே செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர் என்ன செய்வார்? இன்று மன்றத்தில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு நாள்களைக் கற்பனை செய்து பாருங்கள். ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு 34 டிகிரி. 4 மணிக்கு இடி இடித்து மழை கொட்டுகிறது. இன்னொரு நாளும் அதே 34 டிகிரிதான். ஆனால் மழை பெய்து இருபது நாளாயிற்று. காலடியில் சருகு நொறுங்குகிறது, சாலையோர லாலாங் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிட்டது. வெப்பமானிக்கு இரண்டு நாளும் ஒன்றுதான். தீக்கு அப்படியில்லை.

காஹாங்கின் இருப்பிடத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கிழக்கே மெர்சிங், தென்சீனக் கடலோரம். மேற்கே குளுவாங், உள்நாடு. காஹாங் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பகலில் உள்நாட்டு நிலம் வேகமாகச் சூடேறுகிறது. சூடான காற்று மேலே எழும்ப, கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வருகிறது. மேகம் திரண்டு மாலையில் மழையாகிறது. விடியற்காலையில் 23 டிகிரி வரை இறங்கிவிடும். நம் நாட்டில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைவிட, ஒரே நாளின் விடியலுக்கும் பிற்பகலுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஆகவே இங்கே பருவத்தைக் காட்டிக்கொடுப்பது மழைதான்.

அந்த மழை ஒரே பருவத்துக்குள்ளேயே குணம் மாறும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று என்று பள்ளியில் படித்தோம், மழைக்காலம் என்று மனதில் பதிந்துவிட்டது. அது முன்பாதிக்குத்தான் பொருந்தும். 2006 டிசம்பர் 19-ஆம் தேதி சிங்கப்பூரில் ஒரே நாளில் 366 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே டிசம்பரிலும் அடுத்து வந்த 2007 ஜனவரியிலும் ஜொகூர் மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கி, சிகாமாட், குளுவாங் மக்களுக்கு அந்த வெள்ளத்தைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பின்பாதி வேறு கதை. பிப்ரவரியில் மழை மேகங்கள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே நகர்ந்துவிடும், வடக்கிலிருந்து வருவது காய்ந்த காற்று. 2014 பிப்ரவரியில் சிங்கப்பூரின் சாங்கி நிலையத்தில் அந்த மாதம் முழுவதும் பதிவான மழை வெறும் 0.2 மில்லிமீட்டர். 1869-இலிருந்து அங்கே அவ்வளவு வறண்ட மாதம் இருந்ததில்லை. காஹாங்கிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இரண்டாவது வறண்ட காலம். இதில் எல் நினோவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாகி நாட்டின் சாதனையானது, அப்படியோர் எல் நினோ காலத்தில், 1998 ஏப்ரலில்தான்.

வறட்சியை அளப்பது எப்படி? மலேசிய வானிலை ஆய்வு இலாகாவிடம் தீ அபாயக் குறியீடு ஒன்று இருக்கிறது. மூலம் கனடா. 2023-இல் 15 மில்லியன் ஹெக்டேருக்கு மேல் காட்டைத் தீக்கு இழந்த நாடு அது. அங்கே கண்டுபிடித்த முறையை நம் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்தார்கள். நண்பகல் வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், முந்தைய 24 மணி நேர மழை இந்த நான்கும் கணக்கில் வருகின்றன. நிலத்தை மூன்று அடுக்குகளாகப் பார்க்கிறார்கள். மேலே கிடக்கும் சருகும் புல்லும் ஒரு நாளுக்குள் காய்ந்துவிடும், சிறு தூறலில் நனைந்தும்விடும். நடு அடுக்கு காய ஏறக்குறைய 12 நாள். ஆழத்தில் இருக்கும் அடுக்குக்கோ 52 நாள்.

இந்த 52-ஐக் கவனியுங்கள். பல வாரம் காய்ந்த பிறகு ஒரு மாலை பத்து நிமிடம் மழை பெய்தால், “அப்பாடா, மழை வந்துவிட்டது” என்கிறோம். மேலடுக்கு நனைந்தது உண்மை. ஆழத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. மறுநாள் வெயிலில் புல் மறுபடி காயும். அப்போது பற்றும் தீ, அடியில் காய்ந்தே இருக்கும் மண்ணுக்குள் இறங்கும். பொந்தியான் போன்ற இடங்களில் உள்ள, மலாயில் ‘தானா காம்புட்’ என்று சொல்லும் கரிமண்ணில் இறங்கினால் நிலத்தடியில் புகைந்துகொண்டே போகும். மேலே தண்ணீர் பீய்ச்சி அதை அணைக்க முடியாது. தீயணைப்புப் படையினர் நிலத்தையே வெள்ளக்காடாக்க வேண்டியிருக்கும்.

“எண்டாவ் ரொம்பின் காடு பற்றி எரியுமா?” என்று சிலர் கேட்கிறார்கள். காஹாங் வழியாகத்தானே அந்தத் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம்! ஆஸ்திரேலியாவில் எரிவதுபோல் நம் மழைக்காடு எரிவது அரிது. மரக்கூரையின் நிழலில் ஈரம் தங்கிவிடும். எரிவது ஓரங்கள்: சாலையோரப் புல், மரம் வெட்டிய நிலம், வடிகால் வெட்டிக் காயவைத்த சதுப்பு. நம் ஊரில் மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வருவதால் அதன்மேல் பழி போடவும் முடியாது. பற்ற வைப்பது மனிதன்.

2013 ஜூன் 23-ஆம் தேதி காலையில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746. முந்நூறைத் தாண்டினாலே ஆபத்து. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். புகை வந்தது சுமத்ராவின் ரியாவ் பகுதியிலிருந்து. அந்த ஆண்டு எல் நினோ கிடையாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில வாரம் காய்ந்த கரிமண், நிலத்தைச் சுத்தம் செய்ய வைத்த தீ, நம் பக்கம் வீசிய காற்று. இவ்வளவும் போதுமானதாக இருந்தது. 2002-இல் கோலாலம்பூரில் கையெழுத்தான ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தத்தை இந்தோனேசியா ஏற்றது 2014-இல். பன்னிரண்டு ஆண்டு!

அண்டை நாட்டை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் தோட்டங்களிலும் ஒரு காலத்தில் மறுநடவு என்றால் பழைய மரங்களைக் கொளுத்துவதுதான் வழக்கம். கோல்டன் ஹோப் நிறுவனம் செம்பனை மரத்தைத் துண்டு போட்டு மண்ணிலேயே மக்கவிடும் முறையைக் கையாண்டு, 1992-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் விருதைப் பெற்றது. பெரிய தோட்டங்கள் மாறின. வீட்டுக்குப் பின்புறம் மாலை வேளையில் சருகு கூட்டிக் கொளுத்தும் நம் பழக்கம் மட்டும் மாறவில்லை. கொசு ஓடும் என்று காரணம் வேறு சொல்கிறோம். திறந்தவெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம். ஐந்து லட்சம் ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதத்தை 2024-இல் பத்து லட்சமாக உயர்த்திவிட்டார்கள். வாழை மரத்தடியில் குவித்துவிட்டால் அதே சருகு உரமாகிவிடும்.

இனி, உடம்பைப் பற்றி. வெப்பநிலையை மாவட்ட வாரியாக அறிவிக்கிறார்கள். காஹாங்குக்குக் குளுவாங் மாவட்டத்தின் நிலைதான். தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை என்றால் முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி 40 வரை போனால் வெப்ப அலை. 40-க்கு மேல் கடும் வெப்ப அலை. ஆனால் எச்சரிக்கை வரும்வரை பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மழை பெய்து ஓய்ந்த மறுநாள், செம்பனை மரங்களுக்கு நடுவே காற்றசைவு இல்லாதபோது 33 டிகிரியே ஆளைச் சாய்க்கும். வியர்வை வழியுமே தவிர காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. தீக்கு ஏற்ற நாளும் உடம்புக்கு ஆபத்தான நாளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

2024 தொடக்கத்தில் பகாங்கில் 22 வயது இளைஞர் ஒருவர் வெப்பம் தாக்கி இறந்தார். வயதானவர்களுக்கு மட்டும் வரும் நோய் என்று இனியும் சொல்ல முடியாது. வேலையிடத்தில் வெப்பத்தைச் சமாளிக்க 2016-லேயே அரசாங்க வழிகாட்டி வந்துவிட்டது. நிழல், தண்ணீர், இடைவேளை எல்லாம் அதில் உண்டு. கடினமான வேலையைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ள விடுங்கள் என்று மண்டோரிடம் கேட்பதில் வெட்கமில்லை. தலைசுற்றி, பேச்சு குழறி, மயங்கினால் உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று உடம்பை நனைத்து விசிறுங்கள், 999-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தீ அபாய வரைபடத்தை வானிலை இலாகாவின் இணையத்தளத்தில் பார்க்கலாம். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டிருக்கும். இணையம் கைக்கு எட்டாதவர்கள் வீட்டு நாள்காட்டியில் மழை பெய்த நாளை வட்டமிட்டு வைக்கலாம். இரண்டு வாரத்துக்கு வட்டம் எதுவும் இல்லையென்றால் தீப்பெட்டியைச் சமையலறைக்கு வெளியே எடுக்காதீர்கள். புல்வெளியில் புகை தெரிந்தால், அணைந்துவிடும் என்று காத்திராமல் அப்போதே 999-க்குச் சொல்லிவிடுங்கள்.