ஒன்றரை ஷிப்ட்

தாராபுரம் பேக்கரிகளில் சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் அரசியல் சூடுபிடிக்கும். குண்டடம் வழியாக வரும் திருப்பூர் கம்பெனி வேன்கள் ஆட்களை இறக்கிவிடும் நேரம் அது. வாரச் சம்பளம் பையில் இருக்கும். என் அக்கா மகன் ஓவர்லாக் டைலர், வயசு 26. தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: “ஏனுங் மாமா, சோசியலிசம்னு பேசறீங்களே, கோயமுத்தூர்ல சர்க்கார் ஓட்டுன மில்லெல்லாம் என்னாச்சுங்க?”

புண் இருக்கிற இடம் பார்த்துத் தட்டினான். தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் பங்கஜா, முருகன், கம்போடியா மில்கள் 2020 ஊரடங்கில் பூட்டியவை. பிறகு பழையபடி ஓடவே இல்லை. சோவியத்தைக் காட்டலாமென்றால், அது இவன் பிறக்கும் முன்பே 1991-இல் போய்ச்சேர்ந்தது. பெரியார் ரஷ்யா போய்வந்து 1932-இல் ஈரோட்டில் வைத்த சமதர்மத் திட்டத்தைச் சொன்னேன். “அதெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதுங்க” என்றான்.

இவனுடைய முதலாளித்துவம் புத்தகத்தில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கைமடிப் பையனாகப் போனவர்கள் டைலராகி, நாலு மெஷின் போட்டு, எக்ஸ்போர்ட்டர் ஆன கதைகள் திருப்பூரில் பொய்யல்ல. இவனும் பவர் டேபிள், அதாவது சொந்தமாக ஒரு சின்னத் தையல் பட்டறை, போடுவதற்காகச் சீட்டு கட்டுகிறான். நாளைக்கு முதலாளி ஆகப்போகிறவனிடம் போய், தொழிலாளி வர்க்கமே என்று பேசினால் காதில் ஏறுமா? சங்கத் தோழர்கள்மேல் எனக்கு இது நெடுநாள் குறை.

1984-இல் நான் திருப்பூரில் கைமடி, டைலருக்கு உதவியாள். பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம். பஞ்சப்படி என்றால் என்னவென்றே இவனுக்கு விளக்க வேண்டியிருந்தது: விலைவாசி ஏறினால் கூலியும் கூடவே ஏறணும், அவ்வளவுதான். ஆனால் அந்த 127 நாளில் முதலாளிகளும் ஒன்று கற்றார்கள். ஒரே கூரையடியில் நூறு பேர் இருந்தால்தானே கொடி ஏறும்? தையல், செக்கிங், அயர்ன் என்று வேலை ஜாப் ஒர்க்காகத் தெருத்தெருவாய்ச் சிதறியது. மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேராவது இருந்தால்தான் அன்றைய 1948 தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்தது. பவர் டேபிள்கள் பலவற்றில் அத்தனை பேர் இல்லை.

“மாப்ள, 2011 ஜனவரியில கோர்ட்டு சாயப்பட்டறையை மூடச் சொன்னப்ப, வட்டியில்லாக் கடன் குடுத்தது யாரு? சர்க்கார். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப, எக்ஸ்போர்ட்டர்க யாருகிட்ட போனாங்க? சர்க்கார்கிட்டதான்.” அவன் சிரித்தான். “நட்டம் வந்தா எல்லாரும் உங்க கட்சிதானுங் மாமா.”

12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று வாபஸ் ஆனதே, அதையும் சொன்னேன். “எங்களுக்கு அது எப்பவோ வந்துருச்சுங்களே” என்றான். உண்மைதான். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை. ஒன்றரைக்கு ஒன்றரைக் கூலி. கணக்குச் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

பேக்கரி பில்லைத் திருப்பிப் போட்டு எழுதிக் காட்டினேன். அந்த 1948 சட்டப்படி ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனால், மேலே போகிற ஒவ்வொரு மணிக்கும் இரட்டைக் கூலி. ஒன்பதோடு மூன்று இரட்டை, ஆறு. ஆகப் பதினைந்து மணி நேரக் கூலி. எட்டால் வகுத்தால் ஒன்றேமுக்காலே அரைக்கால் ஷிப்ட். 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் இரட்டைக் கூலி மாறவில்லை. வாரத்தில் நாலு நாள் ஒன்றரை பார்த்தால், ஒன்றரை ஷிப்ட் கூலி கைக்கு வராமலே போகிறது.

பேச்சு அங்கே நின்றது. இரண்டு தரம் கூட்டிப் பார்த்தான். சோவியத் பற்றியும் பெரியார் பற்றியும் நான் சொன்ன எதையும் அவன் இப்படிக் கூர்ந்து கேட்டதில்லை.

“நான் டேபிள் போட்டாலும் இப்படித்தான் குடுக்கோணுங்களா மாமா?”

“எத்தனை பேரை வெப்ப?”

“எட்டுப் பேருங்க.”

தொழிற்சாலைச் சட்டம் அவனைக் கேட்காது. அதையும் சொன்னேன். தை மாசம் சீட்டு எடுக்கிறான்.