அடிக்கோடு என்ன சொல்கிறது?

நார்த்தாமலை மேலமலையில், விசயாலய சோழீச்சரத்துக்கு எதிரே பாறையைக் குடைந்து எடுத்த பழியிலீச்சரம் இருக்கிறது. விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைவித்தது. அங்குள்ள கல்வெட்டு பல்லவ மன்னன் நிருபதுங்கனின் 7ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. கல்வெட்டு படித்துப் பழகியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'ஸ்வஸ்திஸ்ரீ', அடுத்து அரசன் பெயர், பிறகு 'யாண்டு', 'ஆவது' என்று வரிசை பெரும்பாலும் மாறாது. இடையில் நிற்கும் பெயரும் எண்ணும்தான் மாறும். எழுத்து தேய்ந்து போயிருந்தாலும், இந்த இடத்தில் ஓர் எண் இருந்திருக்கும் என்று கண் தேடிப் போகும்.

கணினிக் கட்டளைக் கையேட்டை நான் படிப்பதும் அப்படித்தான். கோப்பை நகலெடுக்கும் கட்டளையைப் பாருங்கள்:

சிபி [-ஆர்] மூலம்... இலக்கு

'சிபி' அப்படியே தட்ட வேண்டியது. 'மூலம்', 'இலக்கு' இரண்டும் நம் கோப்புப் பெயர் உட்காரும் காலி இடம். சதுர அடைப்புக்குள் இருப்பது வேண்டுமானால் சேர்ப்பது. மூன்று புள்ளி வந்தால் முன்னால் உள்ளதை எத்தனை முறையும் எழுதலாம். எது அப்படியே, எது காலி இடம் என்று எழுத்தின் தோற்றம் காட்டாவிட்டால், புதியவர் 'இலக்கு' என்றே தட்டுவார். கணினி முணுமுணுக்காது, அந்தப் பெயரிலேயே ஒரு கோப்பு முளைத்துவிடும். ஆரம்பத்தில் எனக்கும் முளைத்தது.

1971 நவம்பரில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய, யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டில், அடிக்கோடிட்ட சொல்லை அப்படியே தட்ட வேண்டும். பின்னாளில் வழக்கம் தலைகீழானது: தடித்த எழுத்து அப்படியே தட்டுவதற்கு, சாய்வெழுத்து மாற்றி எழுதுவதற்கு. அந்தச் சாய்வெழுத்தை முனையத் திரை பெரும்பாலும் அடிக்கோடாகத்தான் காட்டும்! எந்த வழக்கமானாலும் சரி, ஒரே கையேட்டுக்குள் இரண்டும் கலக்கக் கூடாது. கல்வெட்டுப் பதிப்புகளிலும் சதுர அடைப்பு வரும்; அங்கே அது சிதைந்த எழுத்துக்கு.

ஒரே கையேட்டைப் பலர் சேர்ந்து எழுதும்போது இந்த ஒழுங்கு குலையும். 1990 வாக்கில் பெர்க்லி யூனிக்ஸில் வந்த 'எம்டாக்' என்ற கையேட்டுக் குறியீட்டு முறை இதற்கு நல்ல வழி கண்டது. எழுதுபவர் 'இது தெரிவு', 'இது காலி இடம்' என்று இனத்தை மட்டும் குறிப்பார். தடிப்பா சாய்வா என்பதை நிரல் பார்த்துக்கொள்ளும்.

சொற்செயலியில் எழுதுபவர்களுக்கு வேறொரு தொல்லை. கட்டளையில் வரும் இரட்டைச் சிறுகோட்டை அது தானாக ஒரே நீளக் கோடாக்கிவிடும். அதை நகலெடுத்து ஒட்டினால் கட்டளை ஓடாது. கட்டளை வரிகளைச் சம அகல எழுத்துருவில் போட்டு, தானியங்கித் திருத்தத்தை முதலிலேயே நிறுத்திவிடுவது என் வழக்கம்.