தேன் பெட்டியும் பக்கத்து வீடும்

பெங்களூருவில் வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே தோட்டத்தில் தேன் பெட்டி வைக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் பயப்பட மாட்டாரா?

பயப்படுவார். பெரும்பாலும் அவர் பயப்படுவது வேறு தேனீக்கு. அது மலைத்தேனீ. உயரமான மரத்திலும் மாடிக் கட்டடத்திலும் அதன் கூடு தொங்கும். ஒரே ஒரு பெரிய அடைதான். கலைத்தால் கூட்டமாகத் துரத்திக் கொட்டும். அதைப் பெட்டியில் வளர்க்க முடியாது.

பெட்டியில் வளர்வது அடுக்குத் தேனீ. மரப்பொந்து போன்ற இருட்டான இடத்தில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும். உருவத்தில் சிறியது. ஓரளவு சாது. பெங்களூரு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில், அதாவது ஜி.கே.வி.கே.யில், தேனீ வளர்ப்புக்கென்றே ஒரு துறை உண்டு. அங்கே பயிற்சியும் தருகிறார்கள்.

சாது என்றாலும் கொடுக்கு உண்டு. அதனால் பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். தேனீ வாசலிலிருந்து நேராகப் பறந்து போகும். குறுக்கே ஆள் நடந்தால் மோதும். ஆகவே பெட்டியின் வாசல் பக்கத்து வீட்டையோ நடைபாதையையோ பார்க்கக் கூடாது. எதிரே சில அடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேல் வேலி இருக்கட்டும். தேனீக்கள் மேலே எழும்பி, நடப்பவர் தலைக்கு மேலாகப் போய்விடும்.

பாதிச் சண்டை தண்ணீரால்தான் வரும். வெயில் காலத்தில் கூட்டைக் குளிர வைக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்து வீட்டுக் குழாயடியில் மொய்க்கப் பழகிவிட்டால் மாற்றுவது கடினம். முதல் நாளே பெட்டிக்கு அருகில் ஒரு அகலச் சட்டியில் தண்ணீர் வையுங்கள். கூழாங்கற்களும் போடுங்கள். கல் இல்லாவிட்டால் தேனீ மூழ்கிவிடும்.

நல்ல வெயில் உள்ள பகலில் பெட்டியைத் திறக்க வேண்டும். அப்போது நிறையத் தேனீக்கள் பூவைத் தேடி வெளியே போயிருக்கும். மழை நாளில் எல்லாம் உள்ளேயே இருக்கும். சீறும். தெருவில் பிள்ளைகள் விளையாடும் மாலை நேரமும் வேண்டாம்.

கொட்டிவிட்டால் கொடுக்கு தோலில் நிற்கும். உடனே நகத்தால் வழித்து எடுங்கள். அந்த இடத்தை விட்டு நகருங்கள். கொடுக்கின் வாசனை மற்றத் தேனீக்களையும் இழுக்கும். கொட்டிய இடம் வீங்குவது சகஜம். சிலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சுத் திணறும், மயக்கம் வரும். இது உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? பெட்டி வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் அந்தத் தோட்டத்தில் பெட்டி வேண்டாம். இல்லையென்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பூத்திருக்கும் செடிக்கு அவர்கள் பூச்சி மருந்து அடிக்காமல் இருந்தால் போதும்.